கோட்டுப் போட்ட பார்வையாளர்கள்

லண்டனுக்கு என்னைக் கூப்பிட்டது என் தொண்டைக்காகத்தான். டோர்ட்முண்டில் நான் ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஆனால் கோடைகாலச் சனி, ஞாயிறுகளில் ஜெர்மனியில் எங்கே தமிழர் உதைபந்தாட்டப் போட்டி நடந்தாலும் ஒலிவாங்கி என் கையில்தான் இருக்கும். பந்து மெதுவாக உருண்டாலும் நான் வேகமாகப் பேசுவேன் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. அது பாராட்டா குற்றச்சாட்டா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

கூப்பிட்டவன் தர்சன். முன்பு எங்கள் தெருவில்தான் இருந்தான். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்குப் பெட்டி கட்டினவன். இப்போது குட்மேய்ஸில் வீடு, பகலில் மின்சார வேலை, மிச்ச நேரத்தில் இணையத்தில் ஒரு தமிழ் ஒளிபரப்பு. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் தங்களுக்குள் ஒரு கிண்ணத்துக்கு ஆடுவார்கள். தர்சனும் ஒவ்வொரு வளாகமாகப் போய், ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் மைதான ஓரத்திலிருந்து நேரலை நடத்துவான். யார் வெல்வார்கள் என்று ஒரு வாக்குவாதம், பெற்றோருடன் ஒரு பேட்டி, ரோல்ஸ் பொரிக்கிறவருடன் ஒரு பேட்டி. ஆட்டத்தைவிட இதைத்தான் சனம் விரும்பிப் பார்த்தது.

அது கொரோனா வருடம். ஆடலாம், ஆனால் பார்வையாளர் ஒருவரும் வரக்கூடாது என்று வளாகங்கள் சொல்லிவிட்டன. வழக்கமான தொகுப்பாளர் வேறு தனிமைப்படுத்தலில் மாட்டிக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து போகிறவர்களை இங்கிலாந்து அப்போது அடைத்து வைக்கவில்லை.

"அண்ணை, சனம் இல்லாத இடத்தில சனம் நிக்கிற மாதிரிக் கதைக்க உங்களாலதான் ஏலும்" என்றான் தர்சன். இப்படிச் சொன்னால் நான் மயங்குவேன் என்று அவனுக்குத் தெரியும். மயங்கினேன்.

புதன்கிழமை காலை தர்சனின் மனைவி இடியப்பமும் சொதியும் தந்தார். டோர்ட்முண்டில் ஒரு கட்டு வல்லாரை வாங்க அரை மணி நேரம் கார் ஓட வேண்டும். இங்கே வீட்டுக்கு வெளியே வந்து இரண்டு தெரு நடப்பதற்குள் மூன்று தமிழ்க் கடைகள். மூன்றிலும் வல்லாரை, மூன்றிலும் முறைத்துக்கொண்டு ஒரு முதலாளி. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

முதல் வளாகம் மேற்கு லண்டனில். தரையெல்லாம் அம்புக்குறிகள், இந்த வழியால் போ, அந்த வழியால் வா என்று. போவதற்கும் வருவதற்கும் ஆள்தான் இல்லை. வாசலில் நின்ற காவலாளி, பருத்த வெள்ளைக்காரர், எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு ஆங்கிலத்தில் அலுத்துக்கொண்டார்: "இருபது வருடமாக ஆட்களை உள்ளே விடாமல் தடுப்பதுதான் என் வேலை. இப்போது வராத ஆட்களுக்காக நின்று கொண்டிருக்கிறேன்."

தர்சன் மடிக்கணினியில் கைதட்டல் சத்தம் கொண்டு வந்திருந்தான். நான் "வணக்கம்" என்றேன், கைதட்டினார்கள். "இன்று மழை வரும்போல இருக்கிறது" என்றேன், அதற்கும் கைதட்டினார்கள். ஒரு பெடியனுக்குக் கணுக்கால் பிரண்டது என்று நான் சொன்னபோதும் கைதட்டல் நிற்கவில்லை. தர்சன் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான். பின்னூட்டத்தில் ஒரு தாய், "என் பிள்ளை விழுந்ததில் உங்களுக்கு என்ன சந்தோஷம்?" என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி.

வியாழக்கிழமை ஆற்றுக்குத் தெற்கே இரண்டாவது வளாகம். அங்கே மைதானத்தை ஒட்டி மாணவர் விடுதி. உள்ளே பலர் அடைபட்டிருந்தார்கள். நான் பேசத் தொடங்கியதும் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு சீன மாணவி கரண்டியால் சட்டியில் தட்டினாள். தமிழ் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் அந்தச் சட்டிச் சத்தத்துக்கு என் குரல் தானாக ஏறியது. முகம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்று அன்றுதான் கண்டுகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் தன்னைப் பற்றிக் கண்டுபிடிக்க இன்னும் ஏதோ இருக்கிறது.

திரும்பும் வழியில் வாகனத்துக்குள் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டே இதைத் தர்சனிடம் சொன்னேன். அவன் வாயில் ரொட்டியோடு யோசித்தான்.

"அப்ப முகம் வைப்பம் அண்ணை. பெரிய கிளப்புகள் வைக்கிற மாதிரி. சனிக்கிழமை ஆடுற ரெண்டு டீமின்ர தாய் தேப்பன்மாரின்ர படத்தை அட்டையில அடிச்சுக் கதிரையில நிறுத்துவம்."

உடனே வாட்ஸ்அப்பில் செய்தி போனது. மாலைக்குள் இருபத்துநான்கு படங்கள் வந்துவிட்டன. பிறந்தநாளில் கேக் வெட்டும்போது எடுத்தது, காருக்குள் எடுத்தது, கடவுச்சீட்டுக்கு எடுத்தது. எல்லாவற்றையும் தர்சன் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் சிவத்தின் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான்.

அவற்றில் ஒரு படம் மட்டும் ஆளோடு வந்தது. ஆறு மணிபோல வாசலில் ஒரு பெண்பிள்ளை சைக்கிளோடு நின்றாள். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து மிதித்து வந்திருந்தாள். பெயர் டிலானி. சனிக்கிழமை நடக்கவிருந்த பெண்கள் ஆட்டத்தில் கிழக்கு லண்டன் அணியின் கோல்காப்பாளர். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னாள்.

அவளுடைய அப்பா அருளப்பு மன்னார்க்காரர். லண்டனில் பஸ் ஓட்டுகிறவர். மூன்று கிழமையாக ஆஸ்பத்திரியில் ஒக்சிசனில் இருந்தார். வீட்டாரின் பதினான்கு நாள் தனிமைப்படுத்தலும் முடிந்துவிட்டது, ஆனால் வார்டுக்குள் ஒருவரையும் விடுவதில்லை. ஏழு வயதில் அவள் பந்து பிடிக்கத் தொடங்கியதிலிருந்து அவர் தவறவிட்ட முதல் ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

"ஒரு நர்ஸ் இருக்கிறா, அங்கிள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு போனைப் பிடிச்சுக் காட்டுறன் எண்டவ. பத்து நிமிஷம்தான். அப்பா தன்ர படத்தையும் அங்க பாக்கவேணும். நாங்கள் அவரை விட்டிட்டு விளையாடேல்லை எண்டு அவருக்குத் தெரியவேணும்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அவர் இப்ப சாப்பிடுறார் இல்லை. 'காணும்' எண்டு சொல்லுறாராம், இனிப் போதுமாம்."

முன்வரிசையில் நடுவில் வைப்போம் என்றேன். பெயரும் சொல்வேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை தர்சனின் வாகனம் கிளம்ப மறுத்தது. அட்டைகளை எடுக்க நானே மிச்சத்துக்குப் போனேன். அச்சக வாசலில் சாப்பாட்டுக் கடை மாதிரி ஒரு மேசையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண், முகக்கவசத்துக்கு மேலே கண்களை மட்டும் காட்டி, இரண்டு கட்டுகளைத் தள்ளிவிட்டார். ஏனோ என்னை மிகவும் இரக்கமாகப் பார்த்தார். "கவனமாப் போங்கோ அண்ணை, மனசைத் தளரவிடாதேங்கோ" என்றும் சொன்னார். லண்டனில் வாடிக்கையாளரை இவ்வளவு அன்பாக நடத்துகிறார்களே என்று எனக்கு வியப்பு. முகக்கவசத்துக்குள் விட்ட மூச்சில் கண்ணாடி மங்கியிருந்ததால் அட்டைகளை நான் சரியாகப் பார்க்கவில்லை.

விம்பிள்டன் போக வேண்டியவன், எதிர்ப்பக்கம் குரொய்டன் போகிற டிராமில் ஏறிவிட்டேன். இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் உறைத்தது. சரி, இறங்கி மாறலாம் என்று கட்டுகளைத் தூக்கும்போது ஒன்றின் பிளாஸ்டிக் உறை வழுகி விழுந்தது. எதிரே சாமான் வண்டியோடு ஒரு கறுப்பினத்து அம்மா, எழுபது வயதிருக்கும், உட்கார்ந்திருந்தார். அட்டைகளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் ஆட்களா?"

"ஆம், எங்கள் ஆட்கள்தான்."

"எல்லோரும் இந்த வருடமா?"

நான் அணி ஆட்களைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆம், எல்லோரும் இந்த வருடம்தான்" என்றேன்.

அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு பேர். நான் உங்களுக்காகச் செபிப்பேன்."

அப்போதுதான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

காரில் எடுத்த படம், கேக்கோடு எடுத்த படம் ஒன்றும் அங்கே இல்லை. ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே சிவப்புக் கழுத்துப்பட்டி. பெண்கள் எல்லோருக்கும் ஒரே பட்டுச் சேலை. தோளைச் சுற்றி வெண்மேகம். அடியில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு சின்னக் குத்துவிளக்கு. நம்முடைய அஞ்சலிப் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. உயிரோடு ஒருநாளும் கோட்டுப் போடாத மனிதனுக்கும் செத்த அன்று கணினியில் கோட்டுப் போட்டு அனுப்புவது நம் வழக்கம். அருளப்பு அண்ணையும் அந்தக் கோட்டோடு, விளக்குக்கு மேலே, மேகத்துக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

குட்மேய்ஸுக்கு வந்து சேர்ந்ததும் தர்சன் சிவத்துக்குப் போன் எடுத்தான். கோபமாகத்தான் தொடங்கினான். ஒலிபெருக்கியில் சிவத்தின் குரல் தாழ்ந்து கேட்டது.

"தம்பி, நீர் இருபத்திநாலு முகம் அனுப்பிச் சனிக்கிழமை காலமைக்கு வேணும் எண்டு எழுதினீர். வேற ஒண்டும் எழுதேல்லை. நாங்கள் கூட்டு அஞ்சலி எண்டு நினைச்சம். மார்ச்சிலயிருந்து எங்களிட்ட வேற ஆர் முகம் அடிக்க வந்தவை? கம்பியூட்டரைத் திறந்தாலே அந்தக் கோட்டோடதான் திறக்குது."

தர்சனின் கோபம் வந்த வழியே போய்விட்டது. திரும்ப அடிக்கலாமா என்று கேட்டான். அட்டை முடிந்துவிட்டது, திங்கட்கிழமைதான் வரும் என்றார் சிவம். இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. எழுதத் தெரிந்த நாங்கள் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம்.

சாப்பாட்டுக்கு முன் நானும் தர்சனும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மேகங்களை வெட்டினோம். விளக்குகளை வெட்டினோம். கோட்டை வெட்டினால் தலை மட்டும்தான் மிஞ்சும், அது இன்னும் மோசம். தர்சனின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப எல்லாரும் வங்கியில வேலை செய்யிற ஆக்கள் மாதிரி இருக்கினம்" என்றார். சிரித்தோம். ஆனால் அருளப்பு அண்ணையின் அட்டை கைக்கு வந்தபோது கத்தியை மெதுவாக நகர்த்தினோம்.

சனிக்கிழமை சின்னத் தூறல், நல்ல குளிர் காற்று. கிழக்கு லண்டன் வளாகத்தில் மூன்று வரிசைக் கதிரைகளில் இருபத்துநான்கு பேரையும் நிறுத்தினோம். மேகம் போயும் பயனில்லை. எந்தத் தமிழன் பார்த்தாலும் ஒரு கணத்தில் அடையாளம் கண்டுவிடுவான். அணிப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி தன் தாயின் அட்டைக்கு முன்னால் நின்று, "அம்மா வீட்டில பிட்டு அவிச்சுக்கொண்டு இருக்கிறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டிலானி முன்வரிசையின் நடுவில் நின்ற அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்து மணி நாற்பது.

தர்சன் மெதுவாகச் சொன்னான். "தங்கச்சி, அப்பாவின்ரயை மட்டும் எடுத்துவிடுவமே? அவர் இருக்கிற நிலைமையில இதைப் பாத்தா..."

"எடுத்தா எல்லாரும் இருக்கினம், தான் மட்டும் இல்லை எண்டு பாப்பார்" என்றாள்.

வைத்தால் என்ன நினைப்பார் என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். 'காணும்' என்று சொல்லிச் சாப்பாட்டைத் தள்ளிவிடும் ஒரு மனிதர், கையகலத் திரையில் தன் அஞ்சலிப் படத்தைப் பார்க்கப் போகிறார். வைத்தாலும் பிழை, எடுத்தாலும் பிழை. எல்லா அட்டைகளையும் மடக்கி வாகனத்தில் போட்டுவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

டிலானி தன் பயிற்சி ஜாக்கெட்டைக் கழற்றினாள். அணியின் பச்சை நிறம். அப்பாவின் தோளில் போட்டு, கழுத்துவரை இழுத்துப் பூட்டினாள். கோட்டும் கழுத்துப்பட்டியும் மறைந்தன. அட்டைக்குள் இருந்தவர் பந்து பார்க்க வந்த ஒரு தகப்பனாக மாறிவிட்டார்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அணி முழுக்க ஜாக்கெட்டுகளைக் கழற்றியது. பிறகு எதிரணிப் பிள்ளைகளும் வந்து தங்கள் சிவப்பு ஜாக்கெட்டுகளைப் போட்டார்கள். கடைசியில் ஒருவருக்கு உடுப்பு போதவில்லை. வாசல் காவலாளி, ஒரு சோமாலிக்காரர், தன் மஞ்சள் மேலங்கியைக் கழற்றித் தந்தார். "நாளைக்கு நான் இல்லை என்றால் அவர் என் வேலையைப் பார்க்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் என் குளிர்க்கோட்டைக் கழற்றவில்லை. தொண்டை கட்டிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சரியாகப் பதினொன்றுக்கு நேரலை. முகங்களைப் பார்த்ததும் என் குரல் திரும்பி வந்தது. எங்கள் போட்டிகளில் வந்திருக்கிறவர்களைப் பெயர் சொல்லி வரவேற்பதுதான் முறை. ஒவ்வொருவராகச் சொன்னேன். "முன்வரிசையில், கிழக்கு லண்டன் அணியின் கோல்காப்பாளரைப் பெற்றவர், ஃபாரஸ்ட் கேட் அருளப்பு அண்ணை வந்து அமர்ந்திருக்கிறார்" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, காற்று அடித்தது. மற்றவர்கள் ஆடிவிட்டு நின்றார்கள். அருளப்பு அண்ணை மட்டும் கதிரையோடு முன்னால் விழுந்தார். ஜாக்கெட் ஒருபக்கம் பறந்தது. அட்டை புரண்டு, நீலக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியுமாக வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஒளிப்படக் கருவி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் நின்றது என் வாழ்க்கையில் அன்றுதான். எத்தனை நொடி என்று தெரியாது.

கோல் கம்பத்தடியில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த டிலானி ஓடி வந்தாள். அட்டையைத் தூக்கினாள். ஜாக்கெட் வேலிப் பக்கம் போய்விட்டது. அதைத் தேடப் போகவில்லை. கதிரையில் திரும்ப வைக்கவும் இல்லை. அப்பாவைப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டு, கருவியைப் பார்த்தபடி நின்றாள். கோட்டு, கழுத்துப்பட்டி எல்லாம் தெரிந்தது. மறைக்க அவள் முயலவில்லை. மெல்லிய சட்டையோடு, உதடு நடுங்க, நர்ஸ் தந்த நேரத்தில் மிச்ச எட்டு நிமிடமும் அப்படியே நின்றாள். நான் எப்படியோ பேசி முடித்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

ஆட்டத்தில் அவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். இரண்டாவது கோலை எந்தக் காப்பாளரும் பிடித்திருக்க மாட்டார். அதை நான் நேர்மையாகச் சொல்கிறேன்.

இரண்டு மணிபோல ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. டிலானி போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கத் தயங்கினாள். "நீங்களும் நில்லுங்கோ அங்கிள்" என்றாள். நின்றேன். முதலில் ஒரு சுவர் தெரிந்தது, பிறகு ஒரு விரல். மலையாள வாடையடிக்கும் தமிழில் நர்ஸ், "அப்பா பேசணும்னு ஒரே பிடிவாதம்" என்றார். பிறகு அருளப்பு அண்ணை. ஒக்சிசன் முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அப்பா, புரோகிராம் பாத்தீங்களோ?" என்றாள் டிலானி.

அவர் முகமூடியை ஒரு கையால் விலக்கினார். "பாத்தனான்."

அதற்குமேல் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். பிழையில் பாதி என்னுடையது, அதனால் நானே கேட்டேன்.

"அண்ணை, நான் மைக்கில கதைச்ச ஆள். அந்தப் படம்... அதைப் பாத்துக் குறை நினைக்காதேங்கோ."

"எந்தப் படம்?"

"உங்கட படம் அண்ணை. விழுந்தது. பிறகு பிள்ளை பிடிச்சுக்கொண்டு நிண்டவ."

முகமூடி திரும்ப மூக்குக்குப் போனது. நாலைந்து மூச்சு எடுத்தார். மறுபடியும் விலக்கினார்.

"படத்தை ஆர் தம்பி பாத்தது. நான் பிள்ளையைத்தான் பாத்தனான்." குரல் இப்போது கொஞ்சம் ஏறியது, அதில் கோபம் இருந்தது. "இந்தக் குளிருக்குள்ள அவள் ஏன் ஜாக்கெட் இல்லாமல் நிண்டவள்? அவ்வளவு பேர் நிண்டியள், ஒருத்தரும் அதைப் பாக்கேல்லையோ?"

நான் என் குளிர்க்கோட்டைக் கழற்றத் தொடங்கினேன்.